ரெடிங் கவுன்சில் தேர்தல்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு மே மாதம் இங்கிலாந்தில் நாங்கள் வசிக்கும் ரெடிங்கில் வாக்குச்சாவடி எழுத்தராக ஒரு நாள் வேலை பார்த்தேன். அது தெரிந்ததிலிருந்து, சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதற்காகக் காத்து நிற்கும் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் தேர்தல் பற்றித்தான். ஏப்ரல் பிறந்தால் கேள்விகள் இன்னும் கூடும். ‘நமக்கெல்லாம் இங்கே ஓட்டு இருக்காது’ என்று நினைத்தே ஐந்தாறு வருடத்தைக் கடத்திவிட்டவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

நான் இந்தியப் பாஸ்போர்ட், வேலை வீசாலதான் இருக்கேன். எனக்கு எப்படிங்க இங்க ஓட்டு இருக்கும்?

இருக்கிறது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் செல்லுபடியாகும் வீசாவோடு இங்கே குடியிருந்தால் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே காமன்வெல்த் நாடுகள். வேலை வீசா, மாணவர் வீசா, டிபெண்டன்ட் வீசா எதுவானாலும் சரி. இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது. போன மாதம் வந்து வீடு எடுத்தவரும் பெயரைப் பதியலாம். தேர்தல் நாளில் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

ஊரிலிருந்து ஆறு மாத விசிட்டர் வீசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் இங்கே குடியிருப்பவர்களாகக் கணக்கில் வரமாட்டார்கள்.

ஓட்டுப் போட்டா இந்தியக் குடியுரிமை போயிடுமா? ஐஎல்ஆர் வாங்கும்போது ஏதாவது சொல்வாங்களா?

இரண்டும் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாகப் பெற்றால்தான் இந்தியக் குடியுரிமை போகும். ஓட்டுப் போடுவதால் போகாது. இந்த நாட்டுச் சட்டமே கொடுத்திருக்கும் உரிமையைப் பயன்படுத்தியதற்காக நிரந்தரத் தங்கும் அனுமதியை (ஐஎல்ஆர்) யாரும் மறுக்கமாட்டார்கள். பதியும்போது பொய்த் தகவல் கொடுப்பதுதான் குற்றம். பெயர், பிறந்த தேதி, குடியுரிமை மூன்றையும் உள்ளபடி எழுதினால் பயப்பட ஒன்றுமே இல்லை.

கவுன்சில்னா நம்ம ஊரு முனிசிபாலிட்டி மாதிரிதானே? குப்பை எடுக்கறதைத் தவிர என்ன பண்றாங்க?

குப்பை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். பெர்க்‌ஷயர் மாவட்டக் கவுன்சில் 1998-இல் கலைக்கப்பட்ட பிறகு, ரெடிங் பரோ கவுன்சில் எல்லா வேலையையும் ஒரே அமைப்பாகச் செய்கிறது. வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, பள்ளிச் சேர்க்கை, ரோடு, தெருவிளக்கு, பார்க்கிங் பர்மிட், நூலகம், பூங்கா, கவுன்சில் வீடுகள், வீட்டின் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்ட அனுமதி, உணவகத்துக்கு உரிமம் என்று பட்டியல் நீளும். கவுன்சில் பட்ஜெட்டில் பெரும்பங்கைப் பராமரிப்புச் செலவுகளே விழுங்கிவிடும். குப்பை கண்ணில் படுகிறது, இது படுவதில்லை.

ரெடிங்குக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இங்கே ஓடும் ரெடிங் பஸ் கம்பெனி கவுன்சிலுக்கே சொந்தம். இங்கிலாந்தில் இப்படி மிஞ்சியிருக்கும் ஊர்கள் மிகக் குறைவு. மருத்துவமனை, வீசா, வருமான வரி ஆகிய மூன்றும் கவுன்சில் கையில் இல்லை. வீடு தேடி வரும் வேட்பாளரிடம் வீசா கட்டணம் பற்றிப் பேசிப் பயனில்லை. தெருமுனையில் பாதசாரிக் கடவு வேண்டும் என்று பேசினால் பயன் உண்டு.

என் அட்ரஸ்லயே ரெடிங்னு இருக்கு. அப்ப நான் ரெடிங் கவுன்சில்தானே?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தபால் முகவரி வேறு, கவுன்சில் எல்லை வேறு. எர்லி, லோயர் எர்லி, வுட்லி எல்லாவற்றுக்கும் முகவரியில் ரெடிங் என்றுதான் வரும். ஆனால் அவை பக்கத்து வோக்கிங்ஹாம் பரோ கவுன்சிலைச் சேர்ந்தவை. மேற்கே கால்கட், பர்லி பக்கம் போனால் அது வெஸ்ட் பெர்க்‌ஷயர். ஆர்ஜி31 என்ற ஒரே அஞ்சல் குறியீட்டுப் பகுதிக்குள்ளேயே இரண்டு கவுன்சில்கள் வருகின்றன. பல்கலைக்கழகத்தின் வைட்நைட்ஸ் வளாகத்துக்குள்ளேயே ரெடிங், வோக்கிங்ஹாம் எல்லை ஓடுகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்த கவுன்சில் டாக்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) பில்லை எடுத்துப் பாருங்கள். மேலே எந்தக் கவுன்சிலின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் கவுன்சில். எர்லியிலும் வுட்லியிலும் பரோ கவுன்சிலுக்குக் கீழே தனியாக ஒரு டவுன் கவுன்சிலும் உண்டு. அதற்கும் தேர்தல் வரும்போது கையில் இன்னொரு ஓட்டுச் சீட்டும் தருவார்கள். ரெடிங்குக்குள் அப்படிக் கீழ்நிலைக் கவுன்சில் கிடையாது.

எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது அன்றாட வாழ்க்கையில் தெரியும். வோக்கிங்ஹாமில் வாரம்தோறும் நீலப் பையில் எடுத்துக்கொண்டிருந்த குப்பையை 2024 ஆகஸ்டிலிருந்து சக்கரத் தொட்டியில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது என்று மாற்றினார்கள். லோயர் எர்லியில் இருக்கும் நண்பர் அதைப் பற்றி ரெடிங் கவுன்சிலருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பியிருந்தார். அது போய்ச் சேர வேண்டிய இடமே வேறு.

போன தடவைதானே ஓட்டுப் போட்டோம், மறுபடியும் தேர்தலா?

ரெடிங்கில் 16 வார்டு, வார்டுக்கு 3 கவுன்சிலர், மொத்தம் 48 பேர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தேர்தலைச் சந்திப்பதில்லை. வருடத்துக்கு ஓர் இடமாக மூன்று வருடம் தேர்தல் நடக்கும், நாலாவது வருடம் இருக்காது. எல்லை மாறியதால் 2022-இல் எல்லா இடத்துக்கும் சேர்த்து நடந்தது. பிறகு 2023, 2024. அடுத்த 2025-இல் தேர்தல் இல்லை. 2026-இல் தேர்தல் நாள் மே 7.

வோக்கிங்ஹாமும் இதே மாதிரிதான், அங்கே எல்லா இடத்துக்கும் சேர்த்து நடந்தது 2024-இல். வெஸ்ட் பெர்க்‌ஷயரில் நாலு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக நடக்கும். கடைசியாக நடந்தது 2023.

பேரு சேர்க்க எங்க போய் நிக்கணும்?

எங்கேயும் நிற்க வேண்டாம். அரசின் இணையதளத்தில் ‘வாக்காளராகப் பதிவு’ பக்கத்துக்குப் போனால் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்பு பதிந்துவிட வேண்டும். மே 7 தேர்தலுக்கு அது ஏப்ரல் 20. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. மே முதல் திங்கள் விடுமுறை என்பதை மறந்துவிட்டு நாள் எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

கவுன்சில் டாக்ஸ் மாசா மாசம் கட்டுறேனே, பேரு தானா ஏறியிருக்காதா?

ஏறாது. வரிப் பதிவும் வாக்காளர் பட்டியலும் வேறு வேறு. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். வீட்டுத் தலைவர் பதிந்தால் குடும்பம் முழுக்க வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கணவர் பெயர் மட்டும் இருந்து மனைவி பெயர் இல்லாத வீடுகள் நம்மிடையே எத்தனையோ.

பட்டியலில் பெயர் இருப்பதால் ஓட்டைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்ப்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான். விளம்பரக்காரர்கள் கையில் பெயர் போகக் கூடாது என்றால் பதியும்போதே ‘திறந்த பட்டியலில் வேண்டாம்’ என்று குறித்துவிடுங்கள்.

ஓட்டுப் போட என்ன எடுத்துட்டுப் போகணும்? வீட்டுக்கு வந்த அந்த அட்டை போதுமா?

வீட்டுக்கு வரும் அட்டை நம் ஊர் பூத் சிலிப் மாதிரி ஒரு தகவல் அட்டைதான். அது இல்லாமலும் போகலாம். போட்டோ உள்ள அடையாள அட்டை இல்லாமல் போக முடியாது. 2023 மே 4 தேர்தலிலிருந்து இங்கிலாந்தில் இது கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும், ஏனென்றால் காமன்வெல்த் பாஸ்போர்ட் எல்லாமே பட்டியலில் உண்டு. பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ் செல்லும். இந்திய டிரைவிங் லைசென்ஸ் செல்லாது, ஆதாரும் செல்லாது. மூத்தோர் பஸ் பாஸ் செல்லும். தேதி முடிந்த பாஸ்போர்ட்டாக இருந்தாலும், போட்டோவில் முகம் அடையாளம் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார்கள். போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள், அசல் கையில் இருக்க வேண்டும்.

எதுவுமே இல்லாதவர்கள் வாக்காளர் அடையாளச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. தேர்தலுக்கு 6 வேலை நாளுக்கு முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பாஸ்போர்ட்ல எங்க அப்பா பேர் சர்நேமா இருக்கு. எல்லாரும் கூப்பிடறது வேற பேரு. எந்தப் பேர்ல பதியறது?

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. இனிஷியல் மட்டும் போட்டு, அழைக்கும் பெயரை வைத்துப் பதிந்துவிட்டுப் பிறகு வாக்குச்சாவடியில் பாஸ்போர்ட்டை நீட்டினால், இரண்டும் ஒரே ஆளா என்று அதிகாரி யோசிக்க வேண்டியிருக்கும். சின்ன எழுத்து வித்தியாசத்துக்கெல்லாம் திருப்பி அனுப்பமாட்டார்கள். பெயரே வேறாக இருந்தால் சிக்கல். நான் மேசையில் உட்கார்ந்திருந்த அன்று ஓர் அம்மாவின் பெயர் பட்டியலில் கணவர் பெயரோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திருமணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்து, ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போனார். பெயர் மாறியிருப்பவர்கள் அதற்கான ஆதாரம் ஒன்றையும் கூடவே எடுத்துப் போங்கள்.

உள்ள என்னதான் நடக்கும்? மிஷினா, பேப்பரா? மை வைப்பாங்களா?

காகிதமும் பென்சிலும்தான். விரலில் மை கிடையாது. வியாழக்கிழமை காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை. அன்று விடுமுறை இல்லை என்பதால் வேலைக்கு முன்போ பின்போ போய்க்கொள்ளலாம். 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் போதும், போட விடுவார்கள்.

காலை 7 மணிக்குக் கொஞ்சம் முன்பு தலைமை அதிகாரி காலிப் பெட்டியைத் திறந்து அங்கிருப்பவர்களுக்குக் காட்டிவிட்டு சீல் வைப்பார். வந்தவரிடம் பெயரும் முகவரியும் கேட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவோம். அப்புறம் சீட்டைக் கொடுப்போம். மறைப்புக்குள் போய் வேட்பாளர் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். கட்சிச் சின்னமும் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். பென்சில் பிடிக்கவில்லை என்றால் சொந்தப் பேனாவால் போடலாம். தவறாகப் போட்டுவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் சொன்னால் வேறு சீட்டு கிடைக்கும். சங்கடப்படாமல் கேளுங்கள். அன்று என்னிடம் அப்படி மாற்றி வாங்கிப் போனவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு முதியவர்.

வாசல்ல ஒருத்தர் கட்சி ரிப்பன் குத்திக்கிட்டு என் நம்பரைக் கேட்டார். சொல்லியே ஆகணுமா?

வேண்டாம். அவர் தேர்தல் அதிகாரி இல்லை, கட்சித் தொண்டர். தங்கள் ஆதரவாளர்களில் யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து நினைவூட்டுவதற்காகக் கேட்கிறார்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை.

நானும் மனைவியும் சேர்ந்து போய் ஒண்ணா நின்னு போடலாமா? அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒன்றாகப் போகலாம், ஒரே மறைப்புக்குள் நிற்கக் கூடாது. 2023-இல் வந்த ஓட்டு ரகசியச் சட்டத்தின்படி, இன்னொருவர் ஓட்டில் தலையிடும் நோக்கத்தோடு அவரோடு மறைப்புக்குள் போவதோ பக்கத்தில் நிற்பதோ குற்றம். கணவன் மனைவிக்கும் இதுதான். தெரியாது என்றால் வீட்டில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து வேட்பாளர்களின் துண்டறிக்கைகளைப் படியுங்கள். அங்கே போன பிறகு அவர் ஓட்டு அவருடையது.

கண் தெரியாதவர்கள், உடல் முடியாதவர்கள், படிக்க இயலாதவர்கள் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். அதை மேசையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைமை அதிகாரியிடமே உதவி கேட்கவும் வழி உண்டு.

சீட்டுல ஒரு நம்பர் இருக்கே. யாருக்குப் போட்டேன்னு கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?

கேட்க வேண்டிய கேள்விதான். எந்தச் சீட்டு எந்த வாக்காளருக்குப் போனது என்ற பட்டியல் ஒன்று உண்மையிலேயே உண்டு, கள்ள ஓட்டு வழக்கு வந்தால் தேவைப்படும் என்பதற்காக. தேர்தல் முடிந்ததும் சீட்டுகளும் அந்தப் பட்டியலும் தனித்தனியே சீல் வைக்கப்பட்டு ஒரு வருடம் இருக்கும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க முடியாது. கட்சிக்காரர் எண்ணும் மேசைக்கு எதிரே நின்று பார்த்தாலும் அவருக்கு யார் ஓட்டு எது என்று தெரியாது.

அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டேன். என்ன பண்றது?

தபால் ஓட்டுக்கு 11 வேலை நாளுக்கு முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பியுங்கள். சீட்டோடு வரும் படிவத்தில் கையெழுத்தும் பிறந்த தேதியும் கேட்பார்கள். பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதி அனுப்பினால் ஓட்டு வீண். பழக்க தோஷத்தில் கை தானாக அப்படி எழுதிவிடும், கவனமாக இருங்கள். ஒருமுறை வாங்கிய தபால் ஓட்டு அதிகபட்சம் மூன்று வருடத்துக்குத்தான், பிறகு திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து ‘கொடுங்க, நான் சேர்த்துடறேன்’ என்றால் கொடுக்காதீர்கள். அவர் அதை வாங்குவதே சட்டப்படி தவறு.

இந்தியாவுக்குப் போயிருக்கும்போது தபால் வந்து திரும்பிப் போய்ச் சேர நாள் போதாது. அதற்கு இங்கே நம்பிக்கையான ஒருவரை உங்கள் சார்பில் போடச் சொல்லும் முறை சரியாக இருக்கும். விண்ணப்பக் கெடு 6 வேலை நாளுக்கு முன்பு மாலை 5 மணி.

பொண்ணு மான்செஸ்டர்ல படிக்கிறா. எங்க ஓட்டுப் போடணும்?

இரண்டு இடத்திலும் பதியலாம். கவுன்சில் தேர்தல் என்றால், இரண்டும் வேறு வேறு கவுன்சில் என்பதால், இரண்டிலும் போடவும் செய்யலாம். நாடாளுமன்றத் தேர்தலில் அப்படி இல்லை, ஒரே இடம்தான், இரண்டில் போட்டால் குற்றம்.

நோட்டா இருக்கா?

இல்லை. யாரும் வேண்டாம் என்றால் சீட்டை வெறுமனே மடித்துப் போடலாம். செல்லாத ஓட்டுகளின் எண்ணிக்கையில் அதுவும் சேரும், முடிவை மாற்றாது.

வேற கட்சி வந்தா கவுன்சில் டாக்ஸ் குறையுமா?

குறைக்கிறோம் என்று யாராவது வாக்குறுதி கொடுத்தால் எங்கிருந்து குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பராமரிப்புச் செலவு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மேலே பார்த்தோம், அது சட்டப்படி செய்தே ஆக வேண்டிய செலவு. ரெடிங் மாதிரிக் கவுன்சில்கள் வருடத்துக்கு 5 சதவீதமோ அதற்கு மேலோ வரியைக் கூட்ட வேண்டுமானால், பொதுவாக ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அதனால்தான் பல கவுன்சில்கள் 4.99 என்று நிறுத்திக்கொள்கின்றன.

உங்கள் வீடு எந்த வரிப் பட்டையில் (வரி எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் படிநிலை) வருகிறது என்பதைக் கவுன்சிலர்கள் முடிவு செய்வதில்லை. அது 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்ற மதிப்பை வைத்தது. எந்தச் செலவைக் குறைப்பது, எதைக் காப்பாற்றுவது என்பதில்தான் கட்சிக்குக் கட்சி வித்தியாசம் இருக்கிறது.

சங்கத்துல பெரியவங்க ஒரு ஆளைச் சொல்லி, எல்லாரும் அவருக்கே போடணும்னாங்க. மீறினா தப்பா?

தப்பே இல்லை. ஒருவரை ஆதரித்துப் பேச அவர்களுக்கு உரிமை உண்டு, கேட்டுவிட்டு வேறு ஒருவருக்குப் போட உங்களுக்கும் உரிமை உண்டு. மிரட்டுவதோ, ஓட்டுக்காக விருந்து வைப்பதோ, போடாவிட்டால் சாமி குற்றம் என்று பயமுறுத்துவதோ குற்றம். லண்டன் டவர் ஹாம்லெட்ஸில் 2014-இல் நடந்த மேயர் தேர்தலை, அடுத்த வருடம் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது. மத ரீதியான நிர்ப்பந்தமும் அங்கே நிரூபிக்கப்பட்ட முறைகேடுகளில் ஒன்று.

என் ஒரு ஓட்டுல என்னங்க ஆகிடப் போகுது?

கவுன்சில் தேர்தலில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கள்தான் வருகிறார்கள். சின்ன வார்டு, குறைந்த கூட்டம். பத்து இருபது ஓட்டில் முடிவாகும் இடங்கள் உண்டு. நார்தம்பர்லாந்தில் 2017-இல் சவுத் பிளைத் வார்டில் இரண்டு பேருக்கும் ஓட்டு சமமாக வந்தது. திரும்பத் திரும்ப எண்ணியும் சமம். சட்டப்படி குலுக்கல்தான் வழி என்பதால் குச்சி எடுத்தார்கள். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் தோற்றார். அந்த ஒரே இடம் குறைந்ததால் 67 பேர் கவுன்சிலில் அந்தக் கட்சி 33-இல் நின்று, பெரும்பான்மையைத் தவறவிட்டது. ‘என் ஒரு ஓட்டு’ என்று அந்த வார்டில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நானே நிக்கலாமா? டெபாசிட் எவ்வளவு?

டெபாசிட் கிடையாது. கவுன்சில் தேர்தலுக்கு ஒரு பவுன்கூடக் கட்ட வேண்டாம். அந்த வார்டு வாக்காளர்கள் இருவர், முன்மொழிபவரும் வழிமொழிபவரும், கையெழுத்துப் போட்டால் போதும். சுயேச்சையாகவும் நிற்கலாம். அந்தக் கவுன்சிலில் வாக்காளராக இருக்க வேண்டும், அல்லது ஒரு வருடமாக அங்கே வசித்தோ வேலை பார்த்தோ இருக்க வேண்டும். அதே கவுன்சிலில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் நிற்க முடியாது.

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலை வீசாவில் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. காமன்வெல்த் குடிமகன் நிற்க வேண்டுமானால் ஐஎல்ஆர் வாங்கியிருக்க வேண்டும். அது கையில் இருந்தால் வேட்பு மனுவைத் தேர்தலுக்கு 19 வேலை நாளுக்கு முன்பு மாலை 4 மணிக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மே 7 தேர்தலுக்கு அது ஏப்ரல் 9. கையெழுத்தில் ஏதாவது பிழை இருந்தால் திருத்தக் கால அவகாசம் வேண்டும் என்பதால், கடைசி நாளுக்கு நாலைந்து நாள் முன்பே போய்விடுங்கள்.